மூன்றாவது வரிசை எலிகள்

ஏற்காட்டில் வேலை என்றதும் சேலத்தில் எல்லோரும் வயிறெரிந்தார்கள். ஜில்லென்று இருக்குமே, தினமும் ஏரியைப் பார்க்கலாமே, கொடுத்துவைத்தவள் நீ என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறி வந்து, சுட்ட சோளக்கதிர் தின்றுவிட்டுப் பொழுது சாய இறங்கிப் போகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அங்கேயே கிடந்து பார்த்தால் தெரியும். மழை மாதங்களில் துவைத்த துணி காயவே காயாது. செருப்பில் பூஞ்சை, தலையணையில் பூஞ்சை, பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுப்புடவையில்கூடப் பூஞ்சை. காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு இருக்காது, பனி இருக்கும். எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. வேலை கிடைத்தது, போனேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பழைய காப்பி எஸ்டேட் பங்களா ஒன்றைப் பிடித்து, மூலிகை ஆராய்ச்சி நிலையம் என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். பலகைதான் பெரிது. உள்ளே மூன்று அறைகள், ஒழுகும் ஓடு, நினைத்தால் வந்து நினைத்தால் போகும் கரண்ட். மலைக்காரர்கள் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் வைக்கிற பச்சிலைகளை வாங்கிவந்து, நிழலில் உலர்த்தி, இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்து, அதில் உண்மையில் ஏதாவது இருக்கிறதா என்று எலிகளின் மேல் போட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. நான் லேப் அசிஸ்டென்ட். இடிப்பது, வடிப்பது, எலியை அறுப்பது எல்லாம் என் தலையில்.

ஆபீசர் நல்ல மனிதர். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் நம்பிக்கை. ஆப்பிரிக்காவில் ஸூலு இனத்து வைத்தியர்களின் வேரையும் பட்டையையும் லேபில் வைத்துச் சோதிக்கிறார்களாம், நம்ம சேர்வராயன் மலை எதில் குறைச்சல் என்று அடிக்கடி கேட்பார். நம்ம தராசு முள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது, அதுதான் சார் குறைச்சல் என்பேன். சிரித்துக்கொள்வார். எனக்கு வாய் அப்படி. மனசில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடுவேன். அதனாலேயே எனக்குச் சிநேகிதம் குறைவு.

எலிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மலைக்கார அக்கா இருந்தார். மஞ்சக்குட்டையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். தினமும் காலையில் ஷேர் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்குவார். என்னை விடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் யாருக்கும் ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனாலும் அவருக்கு நான் டீச்சர். படித்த பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் கணக்கு. கூண்டைக் கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தீவனம் வைப்பது எல்லாம் அவர். வெள்ளை எலிகள் ஒவ்வொன்றும் அவருக்குக் கண்ணு, சாமி.

"எதுக்கு அக்கா இந்தக் கொஞ்சல்? நாளைக்கு அறுக்கப்போறோம் அதை" என்றேன் ஒருநாள்.

"அறுக்கறது நாளைக்குத்தானுங்களே டீச்சர். இன்னைக்கு அதுக்குப் பசிக்குமில்லீங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாத எரிச்சலோடு போய் என் வேலையைப் பார்த்தேன்.

அக்காவின் அம்மா வீட்டில் வழிவழியாகப் புண்ணுக்கு ஒரு இலை வைப்பார்களாம். அதன் பெயரை வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது என்பது அவர்கள் வழக்கம். "அந்த எல" என்றுதான் சொல்வார்கள். ஆபீசருக்குப் பார்த்த மாத்திரத்தில் அதன் லத்தீன் பெயர் தெரிந்துவிட்டது, உரக்கவே சொல்லிவிட்டார். அக்கா காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் இலையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவரேதான். யாரும் கேட்கவில்லை. ஒரு காலையில் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து என் மேஜைமேல் அவிழ்த்து வைத்தார்.

"இதையும் போட்டுப் பாருங்க டீச்சர். என்ற ஊட்டுக்காரருக்காவ."

அவருடைய வீட்டுக்காரர் எஸ்டேட்களில் மரமேறுகிறவர். காப்பிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பார். அந்த மரங்களில் படர்ந்திருக்கும் மிளகுக் கொடியில் மிளகு பறிப்பார். ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்து, கணுவில் கால்விரலை வைத்து உச்சிவரை போகிற வேலை அது. அப்படி இறங்கும்போது ஒரு மூங்கில் சிம்பு உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. சிம்பை எடுத்துப் போட்டுவிட்டு மறுநாளும் ஏறியிருக்கிறார். புண் ஆறவில்லை. அக்கா இலையை வைத்துக் கட்டினார். கொஞ்சம் ஆறுவது மாதிரி இருக்கும், பிறகு இன்னும் அகலமாகத் திறந்துகொள்ளும். கடைசியில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் சக்கரை வியாதி என்று தெரிந்தது. இரண்டு விரல் கறுத்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், உயிருக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் பெட்டில் இருந்து எழுந்து பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டார்.

அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் நிலையத்து வராந்தாவில். இலையைச் சோதிக்கப் போகிறோம் என்று கேள்விப்பட்டு, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒல்லியான, நெடுநெடுவென்ற மனிதர். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காராமல் தூணில் கைவைத்து நின்றார். எப்படிச் சோதிப்பீர்கள் என்று ஆபீசரிடம் கேட்டார். வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுகிறவர் இல்லை எங்கள் ஆபீசர். அப்போதுதான் குடித்துவைத்த மூன்று டீ டம்ளர்களை வரிசையாக வைத்து விளக்கினார்.

"எலி எல்லாத்துக்கும் முதுகுல ஒரே அளவு காயம் பண்ணுவோம். முதல் வரிசைக்கு உங்க இலை போட்ட களிம்பு. ரெண்டாவது வரிசைக்கு மெடிக்கல் ஷாப் களிம்பு. மூணாவது வரிசைக்கு மருந்தே கலக்காத வெறும் களிம்பு. எலிக் காயம் தானாவே ஆறும். அதனால ஆறுதாங்கறது முக்கியம் இல்லை. மூணாவது வரிசைய விட முதல் வரிசை சீக்கிரம் ஆறுனாத்தான் இலையில சத்து இருக்குன்னு அர்த்தம்."

அந்த மனிதர் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை அடித்துப் பெய்ய ஆரம்பித்திருந்தது. எலி அறையின் ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று அக்கா சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அவர் இந்தப் பேச்சைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்று பிற்பாடு நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

"மூணுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் இருக்கோணும். அவ்வளவுதானுங்களே?" என்றார் வீட்டுக்காரர்.

"அவ்வளவுதான்."

"செரிங்க. வித்தியாசம் வந்துச்சுன்னா கால வெச்சுக்கறேன், எலயே போடறேன். வரலீன்னா போயி அறுத்துக்கறேன்."

ஆபீசர் பதறிப்போனார். அப்படியெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள், எலி வேறு மனுஷன் வேறு, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்றார். நானும் சொன்னேன். என் பாணியில்தான் சொன்னேன்: "எலிய நம்பி காலை வச்சிருப்பீங்களா? பைத்தியமா உங்களுக்கு?" அவருக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். கால் போனால் தான் என்ன செய்வது என்று கேட்டார். கீழே நின்று மிளகைப் பொறுக்குவதற்கு ஆள் வேண்டுமானால் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்.

சோதனை தொடங்கியது. தினமும் காலையில் அக்கா ஒவ்வொரு எலியாகத் துணியில் சுற்றிப் பிடிப்பார். நான் அதன் காயத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து ஓரத்தை வரைந்து அளப்பேன். பிறகு அந்தந்த வரிசைக்கான களிம்பைத் தடவுவேன். மதியம் சாப்பிட நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் அறைக்குப் போய்விடுவேன். அக்கா கொண்டுவந்த ராகிக் களியை எலி அறை வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் எதையும் திருடமாட்டார், எலியைப் பட்டினி போடமாட்டார். அப்படிப்பட்ட ஆள் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டு வரலாம். வந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எந்த இலையிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதுவரை சோதித்த இலைகள் பாதிக்குமேல் ஒன்றுக்கும் உதவாதவை. ஆனால் இந்த இலைக்கு மட்டும் காலையில் ஒவ்வொரு காயத்தையும் இரண்டு தடவை அளப்பேன். முதல் வரிசையின் காயங்கள் சுருங்கினால் சந்தோஷப்படுவேன். உடனே மூன்றாவது வரிசையை அளப்பேன். அதுவும் அதே அளவுக்குச் சுருங்கியிருக்கும். சனியன், நீயாவது கொஞ்சம் மெதுவாக ஆறக்கூடாதா என்று அந்த எலியை வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

காயங்கள் மூடிக்கொண்டே வந்தன. எல்லா வரிசையிலும் பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பாகத் தோல் வந்து, முடி முளைக்க ஆரம்பித்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"எல்லாத்துக்கும் ஆறிப்போச்சுங்க டீச்சர்! ஒண்ணுகூட மிச்சமில்ல. அவருகிட்ட இன்னைக்கே சொல்லிப்போடறேன்" என்றார்.

சொல்லாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் அவருடைய வீட்டுக்காரர் வந்து வராந்தாவில் நின்றார். கட்டுத்துணியைத் தாண்டி வாடை வந்தது. ஆபீசர் என்னைப் பார்த்தார். சொல்கிற வேலையும் எனக்குத்தான் வந்தது.

"வித்தியாசம் இல்லீங்க. இலை போட்டதும் போடாததும் ஒண்ணாத்தான் ஆறியிருக்கு" என்றேன்.

"துளிகூடங்களா?"

"துளிகூட இல்லீங்க."

அக்கா என் கையைப் பிடித்தார். ஆறிப்போச்சே டீச்சர், நாந்தான் கண்ணால பாத்தனே என்றார். வெறும் களிம்பு போட்ட எலிக்கும் ஆறியிருக்கிறது அக்கா, அதனால் இலைக்கு அதில் பங்கில்லை என்று சொன்னேன். அவருக்கு நான் சொன்னது புரிந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்காரருக்குப் புரிந்தது. தூணிலிருந்து கையை எடுத்துவிட்டு முதல்தடவையாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். செரி, நாளைக்குச் சேலம் போகோணும், துணிமணி எடுத்து வையி என்று அக்காவிடம் சொன்னார்.

சேலத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நான் லீவுக்கு ஊருக்குப் போனபோது வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மலையில் ஆரஞ்சு விளைகிற ஊர்க்காரருக்குச் சேலத்துக் கடையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போன புத்திசாலி நான். அவர் ஒரு சுளையைப் பிட்டு வாயில் போட்டு, புளிக்குதுங்க என்றார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஊருக்குத் திரும்பினார். சரிவில் கட்டிய வீடு, வாசலிலிருந்து ரோட்டுக்கு வரக் கல்படிகள். அந்த மலையில் ஒற்றைக் காலும் கக்கத்துக் கட்டைகளுமாக நடப்பது ஆகிற காரியமில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தார். காப்பிப் பழம் பறிக்கும் சீசன் வந்தது, மிளகு பறிக்கும் சீசன் வந்தது, யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அக்கா மட்டும் ஜீப்பில் வந்து எலிகளைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எங்களிடம் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தன் இலை தோற்றது மட்டும் அவருக்கு அவமானமாக இருந்தது. அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்த மழைக்கு வேறொரு இலை வந்தது. வெள்ளக்கடைப் பக்கம் யாரோ கொடுத்த ஏதோ ஒரு கொடி. புது எலிகள் வந்தன. மறுபடியும் மூன்று வரிசை. ஒருநாள் மதியம் நான் அறைக்குப் போகிற வழியில் குடையை மறந்துவிட்டது ஞாபகம் வந்து திரும்பினேன். எலி அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா மூன்றாவது வரிசைக் கூண்டைத் திறந்து, ஒரு எலியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் அந்தக் கொடியின் இலையைக் கசக்கிப் பிழிந்த சாறு. பஞ்சில் தொட்டு எலியின் முதுகுக் காயத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

நான் கத்தியது ரோடுவரை கேட்டிருக்கும். "என்ன பண்றீங்க? அக்கா, என்ன பண்றீங்க?"

அவர் பயப்படவில்லை. ஒளிக்கவும் இல்லை. "இதுகளுக்கும் ஒரு தொடு தொட்டு உடறேனுங்க. பாவம்ங்க. அந்த வரிசைக்கு மருந்து வெச்சுப்போட்டு இந்த வரிசைக்கு வெறும் களிம்பத் தடவிட்டுப் போறீங்க. ஒரே ஊட்டுல இருக்கறதுக. நீங்க படிச்சவங்க, உங்க கணக்கு உங்களுக்கு. எனக்கு மனசு கேக்கலீங்க. பந்தி வஞ்சன பண்ணுனா அந்தப் பாவம் சும்மா உடாதுங்க டீச்சர்."

பந்தி வஞ்சனை. ஒரே வரிசையில் சாப்பிட உட்கார்ந்தவர்களில் ஒருவர் இலையில் வைத்து, இன்னொருவர் இலையில் வைக்காமல் போவது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். பாயசத்தில் முந்திரி ஒரு பிள்ளைக்கு விழுந்து இன்னொரு பிள்ளைக்கு விழாவிட்டால் எங்கள் அம்மா கரண்டியை மறுபடி உள்ளே விட்டுத் தேடுவாள். அந்த அம்மாளின் மகளாகிய எனக்கு, எலிக்கும் அது பொருந்தும் என்று யாரும் நினைக்கக்கூடும் என்பது தோன்றவே இல்லை.

"எப்பருந்து இப்படிப் போடறீங்க?" என்றேன்.

"வந்த நாள்ல இருந்துங்க. எல்லா எலைக்குந்தான்."

"உங்க இலைக்குமா?"

"அதுக்குப் போடாம இருப்பனுங்களா? எங்கம்மா ஊட்டு எலைங்க. மூணாவது வரிசைக்குக் கொஞ்சம் அதிகமாவே போட்டேன்."

குடையை எடுக்காமலே வெளியே வந்தேன். மழையில் நின்றேன். மூன்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் இல்லை என்று வாயால் சொன்னவள் நான். வித்தியாசம் எப்படி இருக்கும்? இரண்டு வரிசைக்கும் ஒரே இலை. இப்போது அந்தச் சோதனைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இலையில் சத்து இருந்ததா, இல்லையா? தெரியாது. எலிக்கு ஆறியிருந்தாலும் சக்கரை பிடித்த காலுக்கு ஆறியிருக்குமா? ஆறியிருக்காது என்றுதான் என் புத்தி சொன்னது, இன்றும் சொல்கிறது. காலை எடுக்காமல் விட்டிருந்தால் அந்த வருஷமே உயிர் போயிருக்கலாம். ஆனால் அவர் காலைக் கொடுத்தது டாக்டர் சொல்லுக்கு இல்லை. மூன்று டீ டம்ளருக்கு. அந்த டம்ளர் கணக்கு பொய்யாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம் மாதிரிக் கொடுமை வேறில்லை.

ஆபீசரிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த ரிப்போர்ட் எப்போதோ மெட்ராஸுக்குப் போய்விட்டது. மறுபடி செய்யலாம் சார் என்றேன். செய்து, இலை நல்லது என்று வந்தால் அந்த மனுஷனிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டார். அந்த அக்காவிடம் யார் சொல்வது என்றும் கேட்டார். அன்றோடு ஆப்பிரிக்காவைப் பற்றி அவர் பேசுவதை விட்டுவிட்டார்.

அக்காவிடம், இனிமேல் தொடாதீர்கள், தொட்டால் கணக்குக் கெட்டுவிடும் என்று மட்டும் சொன்னேன். செரிங்க டீச்சர் என்றார். என் முகத்தை ஒருமாதிரி உற்றுப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அவருடைய வீட்டுக்காரர் வந்தார். யாருடைய எஸ்டேட் ஜீப்பிலோ ஏறி, டிரைவர் தோளைப் பிடித்து இறங்கி, கட்டைகளை ஊன்றி வராந்தாவுக்கு வந்தார். காலை எடுத்த இடத்தில் புண் இன்னும் சரியாக மூடவில்லை. ஆபீசர் ஊரில் இல்லை. அக்கா தீவன டின்னைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

"ஏனுங்க டீச்சர், நீங்க மூஞ்சிக்கு நேரா பேசறவங்க. அதுனாலதான் உங்களக் கேக்க வந்தேன்" என்றார். "கிளியூர்ல ஒருத்தன். அவனும் மரமேறறவன். கால்ல இதே மாதிரிப் புண்ணு. இவ சொந்தக்காரங்கதான் இதே எலய வெச்சுக் கட்டியிருக்காங்க. ஆறிப்போச்சுங்க. மறுபடி ஏறறானாமா. நொம்ப நாளாத் தூக்கமில்ல எனக்கு. சொல்லுங்க. அந்த எல சும்மாதானுங்களா?"

தெரியாது என்பதுதான் உண்மை. ஒரே ஒரு சொல். தெரியாது என்றால் ஏன் தெரியாது என்பார். அவர் லேசில் விடுகிற மனிதர் இல்லை, டம்ளரை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர். அடுத்த கேள்விக்கு நான் கதவோரம் நிற்கிறவரைக் காட்டவேண்டியிருக்கும். அந்த மனிதருக்குக் களி கிண்டிப் போடவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், வெளிக்குக் கூட்டிப்போகவும் இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

"சும்மாதானுங்க" என்றேன். "அதுல ஒண்ணும் இல்ல. கிளியூர்க்காரருக்குச் சக்கரை இருந்திருக்காது. அவருக்கு எந்த இலையைக் கட்டியிருந்தாலும் ஆறியிருக்கும்."

"நெசமாங்களா?"

"நெசமா."

நெடுநாள் சுமையை இறக்கி வைத்தவரின் முகம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். "அப்பச் செரிங்க. அறுத்தது வீணாப் போகல" என்றார். டிரைவர் அவரைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் எனக்குக் கும்பிடு போட்டார்.

ஜீப் போனதும் அக்கா என்னிடம் வந்தார். டின்னைக் கீழே வைத்தார்.

"நானு தொட்டதாலதானுங்களா டீச்சர், வித்தியாசம் தெரியாமப் போச்சு?"

"இல்லக்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசியது அவருடைய வீட்டுக்காரருக்குச் சொன்ன அதே குரலில் இருந்தது என்று எனக்கே தெரிந்தது.

"அப்படியே இருக்கட்டுங்க" என்றார். "அவருகிட்ட மட்டும் எப்பவும் மாத்திச் சொல்லிப்போடாதீங்க."

டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அழுவார் என்று காத்திருந்தேன். கூண்டுக் கதவுகள் திறந்து மூடும் சத்தம்தான் கேட்டது.

மிச்சமிருந்த காலிலும் புண் வந்து, அக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். ஆபீசரும் நானும் நிலையத்து ஜீப்பில் மஞ்சக்குட்டை போய், அங்கிருந்து நடந்து போனோம். பனியில் வழி தெரியவில்லை, பறைச் சத்தத்தை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். யாரோ ஒரு பெண், அக்காவுக்குச் சொந்தம் போலிருக்கிறது, மூக்கைச் சிந்திக்கொண்டு ஆரம்பித்தாள்: "உங்க ஊட்டு எலய உடாம வெச்சிருந்தா அந்தக் காலு நின்னிருக்குமே. கிளியூர்க்காரனுக்கு நின்னுச்சே. ஆருக்கெல்லாமோ வெச்சுக் கட்டுன கையி, கட்டுன புருசனுக்குப் பாதியில உட்டுப்போச்சே."

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. குரலில் நடுக்கமும் இல்லை.

"அது வெறும் எலைங்க. அதுல ஒண்ணுமில்ல" என்றார். "வேணும்னா டீச்சரக் கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்கா மட்டும் திரும்பவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.